சாவியின் ரப்பர் கிழிந்தால் சாவியையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் சாவி தொலைந்துபோனாலோ தேய்ந்துபோனாலோ மாற்றுச் சாவி கேட்டுப் போகிறவரிடம் சர்வீஸ் சென்டரில் சொல்லப்படும் தொகையும், அந்தத் தொகைக்குச் சொல்லப்படும் காரணமும் பல நேரங்களில் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கடந்த தை அமாவாசைக்குப் பிறகு ஒரு மாத காலம் இதே வேலையாக அலைந்தவன் என்ற முறையில், தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கும் இதைக் கவனிக்க வேண்டிய அதிகாரிகளுக்கும் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அமாவாசையன்று தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுப்பதற்காக மனைவியுடன் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குக் காரில் போயிருந்தேன். கோயிலுக்கு முன்னுள்ள படித்துறையில் முங்கி எழுந்தபோது, வேட்டி மடியில் செருகியிருந்த சாவி தாமிரபரணியோடு போய்விட்டிருந்தது. சாவியைக் கரையிலிருந்த மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இறங்குவதற்கு முன்பே மனைவியும் அதைத்தான் சொன்னார். அங்கே நின்ற இரண்டு பையன்கள் அரை மணி நேரம் மூழ்கி மூழ்கித் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் கையில் வந்தது, பரிகாரம் என்று யாரோ ஆற்றில் விட்டுப்போன பழைய வேட்டியும் சேலையுமாகவே இருந்தது. அந்தப் படித்துறையின் அடியில் கிடக்கும் துணியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், அது இருக்கட்டும். சாவி கிடைக்கவில்லை.

வீட்டில் இன்னொரு சாவி இருந்தது. கார் வாங்கிய நாள் முதல் ஆறு ஆண்டுகள் நாங்கள் புழங்கியது அந்தச் சாவியைத்தான். பூட்டும் பட்டனுக்கு மேலிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் கடுகளவு சுவிட்ச் வெளியே தெரிய ஆரம்பித்தது. பிறகு பிளாஸ்டிக் மேலுறையும் விரிசல் விட்டது. ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, அதுவரை பத்திரமாக வைத்திருந்த நல்ல சாவியை வெளியே எடுத்தோம். ஆற்றில் போனது அந்த நல்ல சாவி. கிழிந்த சாவியை எடுத்துக்கொண்டு மகன் பஸ் ஏறி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதன் பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டதால் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. உலோகச் சாவியால் கதவைத் திறந்தவுடன், ரிமோட்டால் பூட்டிய வண்டியை யாரோ வேறு விதமாகத் திறக்கிறார்கள் என்று எண்ணிய அந்தக் கார், அமாவாசைக் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஹாரனை அலறவிட்டது. இக்னிஷனில் சாவியைப் போட்டுத் திருப்பியதும் அடங்கி, எப்போதும்போல் ஸ்டார்ட் ஆயிற்று.

பேட்டரி இல்லாத சாவியால் என்ஜின் எப்படி ஓடியது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதில் பாதி விளங்கிவிடும். என் கார் போன்றவற்றில் சாவியின் தலைப்பகுதிக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கதவுகளைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரிமோட். நம் நாட்டுக் கார்களில் இது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. இதற்கு மட்டுந்தான் பேட்டரி தேவை. மற்றொன்று, இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டைச் சேர்ந்த சிப். இதற்குப் பேட்டரியே கிடையாது. சாவியை இக்னிஷனில் செருகித் திருப்பும்போது, அதைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தான் யார் என்பதை இந்தச் சிப் காருக்குத் தெரிவிக்கிறது. காரின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும் சாவிகளுள் ஒன்றாக அது இருந்தால் என்ஜின் ஓடும். இல்லாவிட்டால், அச்சு அசலாக வெட்டிய சாவியே ஆனாலும் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே புதிய கார்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆகவே, "சாவி போய்விட்டது" என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு பழுதுகளுள் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்: பேட்டரி தீர்ந்திருக்கலாம், ரப்பரும் மேலுறையும் தேய்ந்திருக்கலாம், ரிமோட்டின் மின்சுற்று கெட்டிருக்கலாம், அல்லது சாவியே தொலைந்திருக்கலாம். முதலாவதற்கு ஆகும் செலவு நூறு ரூபாய்க்குள். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 எனப்படும் மூன்று வோல்ட் பட்டன் பேட்டரிதான், 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. கனமும் கொண்டது என்பதே அந்த எண்ணின் பொருள் என்பதால், தன் சாவியில் உள்ள எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்கிப் போடுவது யாருக்கும் முடிகிற காரியம். வேறொன்றும் உண்டு. ரிமோட் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு புதிய குறியீட்டை அனுப்புகிறது. பேரக்குழந்தைகள் வீட்டுக்குள் இருந்துகொண்டு அதை நூற்றுக்கணக்கான முறை அழுத்தி விளையாடினால், சாவி ஒரு கணக்கிலும் கார் வேறொரு கணக்கிலுமாக நின்றுவிடக்கூடும். அப்போது வேண்டியது இரண்டையும் மறுபடி ஒத்துப்போகச் செய்வதுதானே தவிர, புதுச் சாவி அன்று. ஆனால் இந்த வேறுபாடுகளையெல்லாம் சொல்லி எந்தப் பழுது என்று பார்த்துத் தரும் கவுன்டர் எதையும் நான் காணவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, புதுச் சாவி.

மறுநாள் நான் போன அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாவி தொலைந்துவிட்டதால் பாதுகாப்பு கருதி லாக் செட் முழுவதையும், அதாவது இக்னிஷன் பூட்டு, கதவுப் பூட்டுகள், டிக்கி பூட்டு, இரண்டு புதுச் சாவிகள் ஆகிய எல்லாவற்றையும் மாற்றுவதே முறை என்று சொல்லி, ரூ. 23,400-க்கு எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்தார்கள். தொலைந்த சாவி ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து என் காரைத் திறக்கப்போவது பாபநாசத்து மீன்களாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். சர்வீஸ் அட்வைசரான அந்த இளைஞர் சிரித்துவிட்டு, "கம்பெனி ரூல் அப்படித்தான் சார்" என்றார்.

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அழுத்திக் கேட்டபோது, ஒரே ஒரு சாவியை மட்டும் வரவழைத்துப் புரோகிராம் செய்து, அதாவது அதன் சிப்பைக் காரின் நினைவகத்தில் பதிவு செய்து, தரவும் முடியும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதோடு, புதுச் சாவியைப் பதிவு செய்யும்போது கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுவர வேண்டும், கொண்டுவராத சாவி காரின் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும் என்றும் அவர்களே சொன்னார்கள். அப்படியானால், தொலைந்த சாவியை நாளைக்கே யாரேனும் கண்டெடுத்தாலும் அதைக் கொண்டு கதவைத் திறக்கலாமே ஒழிய என்ஜினை ஓட்ட முடியாது என்றுதானே ஆகிறது? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ரூ. 23,400 என்ற பேச்சே எழுந்திருக்காது. கைப்பையோடு சாவியும், வீட்டு முகவரி உள்ள ஆர்.சி. நகலும் சேர்த்துத் திருடுபோன ஒருவருக்கு லாக் செட்டை மாற்றிவிடச் சொல்வது நியாயமான அறிவுரை. அவர் இடத்தில் நான் இருந்தால் மாற்றிவிடுவேன். சாவியை ஆற்றிலும் கிணற்றிலும் விட்டவருக்கும் அதே எஸ்டிமேட்டை நீட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

அடுத்து அவர்கள் கேட்டது சாவி எண். புதுக் கார் வாங்கும்போது சாவிக்கொத்தோடு ஒரு சிறு தகடோ பிளாஸ்டிக் வில்லையோ கட்டித் தருவார்கள். அதில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருப்பதுதான் சாவியின் வெட்டுக் குறியீடு. மாதிரிச் சாவி கையில் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் கொண்டு சாவியை வெட்டிவிட முடியும். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கார் கொடுத்த அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாலை போட்டார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள், ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நல்ல வேளையாக, எதையும் தூக்கிப் போடாத என் மனைவி அந்த வில்லையை வாரண்டி அட்டைகளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் ஆர்.சி., அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை அனுப்பித் தலைமை அலுவலகத்திலிருந்து எண்ணை வரவழைக்க இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். வில்லை இருந்ததால் எட்டு நாளில் சாவி வந்தது. புரோகிராம் செய்யும் கூலி, வரி எல்லாம் சேர்த்து ரூ. 9,740 கொடுத்தேன். பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரே சாவியோடு வண்டியை எடுத்து வருவதை நம் ஊரில் சர்வ சாதாரணமாகப் பார்க்கிறோம். அவர்கள் விலை பேசும்போதே இரண்டாவது சாவியையும் இந்த வில்லையையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இல்லை என்றால் அந்தத் தொகையையாவது விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இனி, கிழிந்த ரப்பருக்கு வருகிறேன். என் முக்கியமான குறை அதில்தான் இருக்கிறது. பழைய சாவிக்கு ரப்பரும் மேலுறையும் மட்டும் வேண்டும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் கேட்டபோது, அவை தனியாக வருவதில்லை, சாவி முழுவதுமாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, சிப் நன்றாக இருக்கிறது, ரிமோட்டின் மின்சுற்று நன்றாக இருக்கிறது, உலோகச் சாவியில் தேய்மானம் இல்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கிழிந்த நகத்தளவு ரப்பருக்காக இன்னொரு ரூ. 9,740 கொடுக்க வேண்டும். செருப்பின் வார் அறுந்தால் வாரைத் தைத்துக் கொடுக்கத்தான் ஆள் இருக்கிறார். புதுச் செருப்பு வாங்கினால்தான் ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

பாளை மார்க்கெட் பக்கம் பெட்டிக்கடை அளவில் ஒரு சாவிக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு யோசன?" என்றார். முதலில் என் ஆர்.சி. புத்தகத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிப் பார்த்து, வண்டி எண்ணையும் என் கைப்பேசி எண்ணையும் ஒரு நீள நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு கத்தி முனையை இடுக்கில் விட்டுச் சாவியைப் பிளந்து, மின்சுற்றுப் பலகையைப் பிரஷ்ஷால் துடைத்துத் தனியே எடுத்து வைத்தார். வேலை முடிந்தது என்று நான் நினைத்தபோது, காலி மேலுறையின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புத் துண்டு ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாதிப் புளியங்கொட்டை அளவுகூட இராது. என்ஜினை ஓடவைக்கும் சிப் அதுதான். "இத எடுக்க மறந்து பழைய கூட்டோட தூக்கிப் போட்டுட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு வாரவங்க நெறைய" என்றார். இணையத்தில் மேலுறையை வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ள நினைக்கும் வாசகர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். பலகையையும் சிப்பையும் புதுக் கூட்டில் பொருத்தி, பழைய உலோகச் சாவியையே அதில் ஏற்றி, புது பேட்டரி போட்டுக் கொடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. கூலியோடு ரூ. 350. வெளியே நின்ற காரைக் கடையில் இருந்தபடியே அழுத்தித் திறந்து காட்டிய பிறகுதான் பணத்தைக் கையில் வாங்கினார். விரிசல் விட்ட பழைய கூட்டை ரப்பர் பேண்டோடு விட்டுவைக்காமல் மாற்றியதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. அதிலிருந்து நழுவி விழும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும் என்பதைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

தெருவோரக் கடையில் சாவி வேலை செய்வது பாதுகாப்பா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. கூடு மாற்றுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. புதிய சிப்பைக் காரில் பதிவு செய்வதும், எல்லாச் சாவிகளும் தொலைந்த வண்டிக்குப் புதிதாகச் சாவி உண்டாக்குவதும் வேறு வகை. அதற்கு வேண்டிய கருவியும் ரகசிய எண்ணும் யார் கைக்கும் போய்ச் சேரலாம் என்றால் திருடருக்கும் போய்ச் சேரும். ஆனால் அதற்கு வழி, அந்தப் பெரியவரின் நீள நோட்டில் இருக்கிறதே ஒழிய, எல்லாரையும் ஒரே கவுன்டருக்கு விரட்டுவதில் இல்லை. சாவித் தொழில் செய்கிறவர்களை மாவட்டக் காவல் துறை பதிவு செய்துகொண்டு, இன்ன ஆவணங்களைப் பார்த்த பிறகே வேலை செய்ய வேண்டும், இன்ன விவரங்களை எழுதி வைக்க வேண்டும் என்று விதித்து, அப்படிப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் நிறுவனங்கள் கருவியையும் எண்ணையும் கொடுக்கலாம். நான் போன சர்வீஸ் சென்டரில் புதுச் சாவியை வாங்கும்போது என் ஆர்.சி. அசலை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது சந்தைப் போட்டிக்கு விரோதமானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்றே 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் போன வழக்கு அது. பின்னர் 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது நீக்கிக்கொள்ளும் உரிமைக்கென மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட துறைகளுள் வாகனத் துறையும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ரப்பர் துண்டு தனியாக விற்பனைக்கு வரவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் கேட்பது பெரிதல்ல: சாவியின் கூடும் ரப்பரும் தனி உதிரி பாகமாக விலைப்பட்டியலில் இடம்பெற வேண்டும். சாவிக்கு எவ்வளவு, வெட்டுவதற்கு எவ்வளவு, புரோகிராம் செய்ய எவ்வளவு என்று எஸ்டிமேட்டில் பிரித்துக் காட்ட வேண்டும். லாக் செட் மாற்றுவது கட்டாயமா, ஆலோசனையா என்பதை அதே தாளில் எழுதித் தர வேண்டும். கார் ஒப்படைக்கும் அன்று சாவி எண் வில்லையைக் காட்டி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டைச் சாவியோடு படம் எடுக்க நேரம் இருக்கிறது, இதற்கும் இரண்டு நிமிடம் இருக்கும்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. சாவி தொலைந்தால் மாற்றுச் செலவை ஏற்கும் துணைக் காப்பீடு தனியாக உண்டு. என் பாலிசியில் அது இல்லை என்பது பாலிசியை எடுத்துப் படித்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாவி தொலைந்தவுடன் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் அவசியம். கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று இல்லை என்றால், சாவியை வண்டியிலேயே விட்டிருந்தீர்களா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அன்றைக்குத் தேதி போட்ட ரசீதைத் தவிர வேறு பதில் இல்லை. நான் விக்கிரமசிங்கபுரம் போய் மனுக் கொடுத்தபோது, ஆற்றில் விழுந்த சாவிக்கு மனுவா என்று தயங்கினாலும், காரணத்தைச் சொன்னதும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

பட்டனை அழுத்தினாலே ஸ்டார்ட் ஆகும் கார்களில் இந்தச் செலவு இன்னும் கூடுதல். என் மருமகனின் காருக்கு ஒரு சாவிக்கே ரூ. 16,000 சொன்னார்கள். அந்த வகைச் சாவியில் பேட்டரி தீர்ந்து வழியில் நிற்க நேர்ந்தால், அதனுள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் கிளம்பிவிடும். இதைத் தெரியாமல் வண்டியைக் கட்டி இழுக்க ஆள் கூப்பிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் என் குறையைப் பதிவு செய்தபோது, முதலில் உற்பத்தி நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அப்படியே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன்: என் காரின் சாவிக்கான ரப்பர் பட்டன் தனியாகக் கிடைக்குமா, கிடைத்தால் அதன் பாக எண் என்ன? ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்கு நன்றி, இது தொடர்பாகத் தங்கள் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று எழுதியிருந்தார்கள். கீழே, ரூ. 23,400-க்கு எனக்கு எஸ்டிமேட் கொடுத்த அதே சென்டரின் முகவரி இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
பாளையங்கோட்டை.